குழு சிகிச்சை: எத்தனை வகை, எது யாருக்கு, சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

கேள்வி இதுதான்: “மனச்சோர்வுக்காகச் சில மாதங்களாகத் தனியாகக் கவுன்சிலிங் போகிறேன். ஓரளவு தேறிவிட்டேன். ஆனால் மனிதர்களோடு பழகுவதில் இருக்கும் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. என் உளவியலாளர் குழு சிகிச்சையில் சேரச் சொல்கிறார். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து என் கதையைச் சொல்ல வேண்டுமா? இதில் பல வகை உண்டு என்கிறார்களே, எனக்கு எது பொருந்தும்? உண்மையிலேயே பலன் இருக்குமா?”

பலன் இருக்கும், குழுவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விஷயங்கள் நடக்கின்றன. ஒரு குழுவில் கரும்பலகையும் வீட்டுப்பாடமும் இருக்கும். இன்னொன்றில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பத்து நிமிடம் ஒன்றுமே பேசாமல் இருப்பார்கள். தனக்குப் பொருந்தாத குழுவில் போய் உட்கார்ந்துவிட்டு “குழு சிகிச்சையே எனக்கு ஒத்துவரவில்லை” என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் உங்கள் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று எந்த நல்ல குழுவிலும் எதிர்பார்க்க மாட்டார்கள். பெயரைச் சொல்லி, எதற்காக வந்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். அதுவும் முடியாவிட்டால் “இன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லலாம். சில வகைக் குழுக்களில் உங்கள் பழைய கதைக்கு வேலையே இல்லை. எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது கடைசிவரை உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை உங்களிடமிருந்து பறிக்க முயலும் குழுவாக இருந்தால் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது: ஒரு சிகிச்சையாளரின் நேரத்தை எட்டுப் பேர் பங்குபோட்டுக்கொள்வதுதான் குழு சிகிச்சை, கட்டணம் குறைவு என்பதால் கிடைப்பதும் குறைவாகத்தான் இருக்கும் என்று. இந்த எண்ணத்தோடு போனால் நம் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். குழுவில் மற்ற ஏழு பேர் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை. அவர்கள்தான் மருந்து. சிகிச்சையாளரின் முக்கிய வேலை, அந்த மருந்து வேலை செய்வதற்கு ஏற்ற பாதுகாப்பான இடத்தை உண்டாக்கிக் காப்பாற்றுவது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். “என்னை யாருமே மதிப்பதில்லை” என்று ஒருவர் தன் ஆலோசகரிடம் தனியாகச் சொல்கிறார். ஆலோசகர் அதைக் கேட்கலாம், ஆராயலாம், ஆறுதல் சொல்லலாம். ஆனால் வெளியே அவர் மற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை நேரில் பார்க்க முடியாது. அவர் சொல்லும் கதையில் அவருக்கே தெரியாத பகுதி வரவே வராது. அதே ஆள் ஒரு குழுவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வாரம் இன்னொருவர் சொல்கிறார்: “நான் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். உங்களுக்கு என் மேல் அக்கறை இல்லை என்று நினைத்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.” இவருக்கோ அதிர்ச்சி. யாராவது வருத்தமாகப் பேசினால் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவருடைய பழக்கம். அது அடுத்தவர் கண்ணுக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. இந்த ஒரு தகவல் தனி அறையில் எத்தனை மாதம் பேசினாலும் கிடைத்திருக்காது.

இந்த முறை பிறந்த விதத்திலும் இதே விஷயம் தெரிகிறது. 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாகக் கூட்டினார். ஓய்வு, சுத்தமான காற்று, உணவு இவற்றை வீட்டிலேயே எப்படிக் கடைப்பிடிப்பது என்று பாடம் நடத்துவதுதான் அவர் திட்டம். மனநலம் அவர் மனதிலேயே இல்லை. ஆனால் வெவ்வேறு மதம், இனம், பின்னணியிலிருந்து வந்தவர்கள் ஒரே நோய் என்ற ஒன்றினால் நெருக்கமானதையும், ஒருவர் தேறுவதைப் பார்த்து இன்னொருவருக்குத் தெம்பு வந்ததையும் கவனித்தார். பாடத்தைவிடக் கூட்டமே அதிக வேலை செய்தது. பிறகு வியன்னாவிலிருந்து அமெரிக்கா போன ஜேக்கப் மொரேனோ, நடிப்பை வைத்து உளநாடகம் என்ற முறையை வளர்த்தார். 1930களின் தொடக்கத்தில் குழு உளவியல் சிகிச்சை என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்து திரும்பிய வீரர்கள் ஏராளம், மருத்துவர்களோ சொற்பம். பிரிட்டனில் பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் வில்ஃப்ரட் பையான், எஸ்.எச். ஃபோக்ஸ் போன்றவர்கள் வேறு வழியில்லாமல் வீரர்களைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். அங்கே கற்றதிலிருந்துதான் பிரிட்டனின் குழுப் பகுப்பாய்வுச் சிகிச்சை மரபு வளர்ந்தது. ஆள் பற்றாக்குறையால் தொடங்கிய ஏற்பாடு, போர் முடிந்த பிறகும் நிலைத்துவிட்டது.

சரி, வகைகளுக்கு வருவோம். புத்தகங்களில் நீளமான பட்டியல் இருக்கும். என்னைக் கேட்டால் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்: அந்தக் குழுவில் நீங்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்களா, உங்களையே பார்க்கப் போகிறீர்களா, இல்லை, தனியாகச் சுமப்பதைச் சேர்ந்து சுமக்கப் போகிறீர்களா?

முதல் வகையில் பாடத்திட்டம் உண்டு. எத்தனை வாரம், எந்த வாரம் என்ன என்பது முன்கூட்டியே தெரியும். மிக எளியது, நோயைப் பற்றிய விளக்கக் குழு: இருதுருவ மனநிலை, பீதித் தாக்குதல், தூக்கமின்மை போன்றவை எப்படி உண்டாகின்றன, மருந்து என்ன செய்கிறது, மறுபடி வருவதற்கான அறிகுறிகளை எப்படிக் கண்டுகொள்வது என்று சொல்லித்தருவார்கள். இதற்கு அடுத்த படி, சிபிடி என்று சுருக்கிச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக் குழு. எண்ணங்களைத் தாளில் எழுதிச் சோதிப்பது, தவிர்த்துவந்த காரியங்களைச் சிறு சிறு படிகளாகச் செய்து பார்ப்பது, அடுத்த வாரம் வந்து என்ன ஆயிற்று என்று சொல்வது என்று போகும்.

நாலு பேர் முன்னால் பேசவே நடுங்கும் சமூகப் பதற்றத்துக்கு சிபிடி குழு இயல்பாகவே பொருந்துகிறது. பயிற்சிக்கு வேண்டிய ‘நாலு பேர்’ அங்கேயே இருக்கிறார்கள். கை நடுங்கினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று பயப்படுபவர் அங்கேயே எழுந்து இரண்டு நிமிடம் பேசுவார். பிறகு மற்றவர்களிடம் “என் கை நடுங்கியதைப் பார்த்தீர்களா?” என்று கேட்பார். பெரும்பாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்தவரும் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார். பல ஆண்டுப் பயம் ஒன்று அந்த இடத்திலேயே சோதனைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. சமூகப் பதற்றத்துக்குத் தனி சிபிடி கிடைக்குமானால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும் என்று பிரிட்டனில் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. குழு சிபிடி பயன் தருவதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. எல்லாச் சிக்கலுக்கும் குழுதான் சிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்குபவர்களுக்கும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கும் மார்ஷா லினஹான் என்ற உளவியலாளர் உருவாக்கியது டிபிடி எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. அதில் வாராந்தரக் குழு வகுப்பு ஒரு முக்கிய அங்கம். கவனத்தை நிகழ்காலத்தில் வைப்பது, நெருக்கடியைத் தாங்குவது, உணர்ச்சியைச் சீர்ப்படுத்துவது, மற்றவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதும் மறுக்க வேண்டியதை மறுப்பதும் ஆகிய நான்கு திறன்களைச் சொல்லித்தருவார்கள். யாருடைய சொந்தக் கதையையும் அங்கே விரிவாகக் கிளற மாட்டார்கள். அதற்குத் தனிச் சந்திப்பு இருக்கிறது. இதேபோல, மனச்சோர்வு பலமுறை வந்து போனவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுக்க 8 வார மனக்கவனப் (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சிக் குழுவும் உண்டு. மறதிநோயின் ஆரம்ப, நடுத்தர நிலையில் உள்ள முதியவர்களுக்கு 7 வாரங்களில் 14 அமர்வுகளாக நடத்தும், நினைவுக்கும் சிந்தனைக்கும் வேலை கொடுக்கும் அறிவுத்தூண்டல் குழுக்களையும் இதே வரிசையில் வைக்கலாம்.

மனச்சோர்வுக்கான குழுக்களில் நான் மிகவும் மதிப்பது உறவுநிலைச் சிகிச்சைக் குழு. இழப்பு, உறவுச் சண்டை, வாழ்க்கை மாற்றம், தனிமை என்ற நான்கில் எது உங்கள் சோர்வோடு பின்னிக்கிடக்கிறது என்று கண்டுபிடித்து அதில் மட்டும் வேலை செய்வார்கள். உகாண்டாவின் தென்மேற்குக் கிராமங்களில் இதைச் சோதித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. 30 கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழுக்களை 16 வாரம் நடத்தினார்கள். நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். முடிவில், குழு நடந்த கிராமங்களில் பங்கேற்றவர்களில் 6.5 சதவீதம் பேருக்குத்தான் கடும் மனச்சோர்வு மிச்சமிருந்தது. குழு நடக்காத கிராமங்களில் அது 54.7 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்த முறைக்கு ஒரு கையேட்டையே வெளியிட்டது. குழு என்பது வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

இரண்டாவது வகைதான் பலரைத் திகைக்க வைப்பது. இதில் பாடத்திட்டம் கிடையாது. ஏழெட்டுப் பேர், ஒன்று அல்லது இரண்டு சிகிச்சையாளர்கள், வாரம் ஒருமுறை சுமார் ஒன்றரை மணி நேரம். பல மாதங்கள், சில இடங்களில் வருடக்கணக்கில் நடக்கும். யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். சிகிச்சையாளர் தலைப்பு கொடுக்க மாட்டார். வாழ்க்கையில் நடந்ததைப் பேசலாம், ஆனால் பேச்சு திரும்பத் திரும்ப ‘இந்த அறையில், இந்த நிமிடம், நமக்குள் என்ன நடக்கிறது’ என்பதற்கே வந்து சேரும். இப்போது யார் மேல் கோபம், யார் பேசினால் நிம்மதி, யாரைக் கண்டால் பேச்சு வரவில்லை, இதெல்லாம்தான் பாடம். கொஞ்ச நாளில் ஒவ்வொருவரும் வெளியே ஆடும் ஆட்டத்தை உள்ளேயும் ஆடத் தொடங்கிவிடுவார்கள். வீட்டில் எல்லோரையும் சமாதானப்படுத்தியே வளர்ந்தவர் இங்கேயும் இரண்டு பேர் குரல் உயர்ந்தால் நடுவில் பாய்வார். அப்பாவிடம் பயந்தவர் குழுவின் மூத்த உறுப்பினரிடம் காரணமே தெரியாமல் பயப்படுவார். சிகிச்சையாளர் இன்று யாரை அதிகம் பார்த்தார் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. பழைய குடும்பத்தின் நாடகம் திரும்ப நடக்கிறது, ஆனால் இந்த முறை நிறுத்திவைத்துப் பேச முடிகிறது, முடிவை மாற்ற முடிகிறது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இந்த வகைதான். சோர்வு குறைந்துவிட்டது, பழகுவதில்தான் சிக்கல் என்கிறீர்கள். பழகுவதைப் பற்றிப் பேசுவதைவிடப் பழகிப் பார்ப்பதுதான் அதற்கு வழி.

மூன்றாவது வகை ஆதரவுக் குழு. துக்கத்தில் இருப்பவர்கள், புற்றுநோயாளிகள், நோயாளியைப் பராமரிப்பவர்கள், குழந்தையை இழந்த பெற்றோர் போன்றோர் கூடுவது. சிலவற்றைப் பயிற்சி பெற்றவர்கள் நடத்துவார்கள், சிலவற்றை அனுபவப்பட்டவர்களே நடத்திக்கொள்வார்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய, குடியை விட விரும்புபவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இரண்டாவது ரகம். சிகிச்சையாளர் கிடையாது, கட்டணம் கிடையாது, குறுக்குக் கேள்வி கிடையாது. கண்டிப்பாகச் சொன்னால் இது சிகிச்சை ஆகாது. அதற்காகக் குறைத்து எடைபோட வேண்டாம். அந்த அமைப்பையும், அதில் நோயாளிகளை முறைப்படி சேர்த்துவிடும் சிகிச்சைகளையும் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, குடியை அறவே விட்டிருப்பதில் அவை மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்தவை இல்லை, சில அளவுகோல்களில் மேலானவை என்று கண்டது.

இந்த மூன்றுக்குள்ளும் அடங்காத சிலவும் உண்டு. உளநாடகத்தில் ஒருவரின் வாழ்க்கைக் காட்சியை எல்லோரும் சேர்ந்து நடித்துப் பார்ப்பார்கள். இடம் மாறி, உங்கள் அம்மாவாக நீங்களே உட்கார்ந்து உங்களுக்குப் பதில் சொல்லும் கட்டம் வரும்போது, வருடக்கணக்கில் பேசித் தீராதது சட்டென்று பிடிபடும். ஓவியம், இசை, அசைவு வழியாக நடக்கும் குழுக்கள் வார்த்தை வராதவர்களுக்கு நல்லது. மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களின் பல குடும்பங்களை ஒன்றாக உட்காரவைத்து, வீட்டில் எழும் பிரச்சினைகளுக்குச் சேர்ந்து தீர்வு தேடும் பல்குடும்பக் குழு, நோய் மறுபடி முற்றுவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. இவ்வளவு இருந்தும் இது பரவலாகக் கிடைக்காதது பெரிய குறைதான்.

சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழுவில் குணம் தரும் அம்சங்கள் என்று 11 விஷயங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வருவது, ‘எனக்கு மட்டும் இல்லை’ என்ற நிம்மதி. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். யாலோம் குழுக்களில் ஒரு பயிற்சி வைப்பார்: யாரிடமும் சொல்லத் துணியாத ஒன்றைப் பெயர் போடாமல் தாளில் எழுதித் தரச் சொல்வார். மிக அதிகமாக வந்த ரகசியம் பெரிய குற்றமோ விபரீதமோ இல்லை. ‘உள்ளுக்குள் நான் ஒன்றுக்கும் லாயக்கில்லாதவன், வெளியே வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற எண்ணம்தான். உங்களுக்குள்ளும் அது இருந்தால், நல்ல வேலையும் நல்ல குடும்பமுமாக எதிரே உட்கார்ந்திருப்பவர் அதையே தன் வாயால் சொல்வதைக் கேட்கும்போது உடம்பே தளர்ந்து இறங்கும். “இது சகஜம்தான்” என்று நிபுணர் நூறு முறை சொன்னாலும் இந்த நிம்மதி வராது.

அடுத்தது, கொடுப்பதால் வரும் பலம். மனச்சோர்வில் இருப்பவர்கள் தாங்கள் எல்லோருக்கும் பாரம் என்று நம்புகிறார்கள். தனிச் சிகிச்சையில் அவர்கள் எப்போதும் பெறும் இடத்தில்தான் இருக்கிறார்கள். குழுவில் ஒருநாள் அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னொருவருக்கு உதவிவிடும். “போன வாரம் நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டுதான் அந்த இரவைக் கடந்தேன்” என்று அவர் வந்து சொல்வார். தன்னால் யாருக்கும் உபயோகமில்லை என்ற நம்பிக்கை அதற்கு முன்னால் நிற்பது கடினம். நான் நடத்திய குழுக்களில் திருப்புமுனை என்று உறுப்பினர்கள் பின்னாளில் சொன்னவற்றில், தாங்கள் உதவி பெற்ற தருணங்களைவிட உதவி செய்த தருணங்களே அதிகம்.

நம்பிக்கையும் கிடைக்கும். வெவ்வேறு கட்டத்தில் இருப்பவர்கள் சேர்ந்திருப்பதால், ஆறு மாதம் முன்பு உங்கள் இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கண்ணால் பார்க்கிறீர்கள். ஒருவர் மறுப்பு சொல்லும் விதத்தைப் பார்த்து நீங்களும் கற்றுக்கொள்கிறீர்கள். இவையெல்லாம் தானாக நடப்பவை.

எல்லாவற்றையும்விடப் பெரியதாக நான் நினைப்பது சண்டையும் அதன் பிறகு நடப்பதும். நம்மில் பலருக்கு இரண்டு மாதிரிச் சண்டைதான் தெரியும்: ஒன்று, வெடித்து உறவே முறிவது. மற்றது, விழுங்கிவிட்டு உள்ளுக்குள் விலகிப்போவது. கோபத்தைச் சொல்லி, எதிராளியின் பக்கத்தைக் கேட்டு, அடுத்த வாரமும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, உறவு முன்பைவிட உறுதியாவதைப் பலர் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. குழுவில் அது நடக்கும். சொல்லப்போனால் நடந்தே தீரும். புரூஸ் டக்மன் 1965இல் குழுக்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கூடுவது, மோதுவது, நெறிப்படுவது, செயல்படுவது என்று நான்கு கட்டங்களைச் சொன்னார். 1977இல் ஐந்தாவதாகப் பிரிவதையும் சேர்த்தார். மோதல் கட்டத்தில்தான் பலர் வெறுத்துப்போய் நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டியவர்களுக்குத்தான் குழுவின் முழுப் பலன்.

சான்று எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒரே மாதிரியான சிகிச்சையைத் தனியாகவும் குழுவாகவும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பொதுவாக இரண்டும் சமமான பலனைத் தருகின்றன. மனச்சோர்வு, பதற்றம், உணவுக் கோளாறுகள், போதைப் பழக்கம் ஆகியவற்றில் குழுவுக்கு நல்ல ஆதாரம் உண்டு. அதேசமயம் மிகைப்படுத்தல்களும் உலவுகின்றன. 1989இல் டேவிட் ஸ்பீகலும் அவர் குழுவினரும், உடலில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில் ஆதரவுக் குழுவில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு காலம் வாழ்ந்ததாக வெளியிட்டார்கள். உலகமே பரபரத்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் ஆயுள் நீளவில்லை. ஆனால் வலியின் உறைப்பும் மனவேதனையும் குறைந்தது உறுதியானது. ஆயுளை நீட்டும் என்று யாராவது ஆசை காட்டினால் விலகுங்கள். வலியோடு இருக்கும் ஒருவருக்கு வேதனை குறைவதே பெரிய விஷயம், அதைப் பெரிதாகக் காட்டப் பொய் தேவையில்லை.

கெடுதலும் நடக்கலாம். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மனதில் இருப்பதை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் நேருக்கு நேர் கொட்டும் ‘எதிர்கொள்ளல்’ குழுக்கள் என்று ஒரு அலை அடித்தது. அவற்றை ஆராய்ந்தபோது, சிலர் முன்பைவிட மோசமான மனநிலையில் வெளியேறி, அது நீடித்ததும் தெரிந்தது. உறுப்பினர்களைச் சீண்டி, அழுத்தி, எல்லோர் முன்னிலையிலும் உடைத்துத் திறக்கப் பார்த்த கவர்ச்சியான தலைவர்களின் குழுக்களில் பாதிப்பு அதிகம். இன்றும் என் முதல் எச்சரிக்கை இதுதான்: சிகிச்சையாளர் நட்சத்திரமாக இருக்கும் குழுவில் சேராதீர்கள். ஒழுங்கீன நடத்தையுள்ள பதின்வயதினரை மட்டும் ஒன்றாகச் சேர்த்தால் சில நேரம் ஒருவரிடமிருந்து ஒருவர் இன்னும் மோசமானதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதும் ஆய்வில் தெரிந்த உண்மை. பேரிடர் அல்லது விபத்து நடந்த உடனே எல்லோரையும் ஒரே அமர்வில் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் பழைய வழக்கத்தையும் இன்றைய வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை.

இந்த நேரத்தில் குழு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் இப்போது தீவிரமாக இருப்பவருக்கு முதலில் உடனடித் தனிக் கவனிப்பு வேண்டும். அந்த நிலையில் இருந்தால் குழுவுக்காகக் காத்திருக்காமல் இன்றே மருத்துவரிடமோ அவசர உதவிக்கோ போகவேண்டும். பிரமைகளும் கடும் சந்தேகமும் ஓங்கியிருப்பவர், மனம் அளவுமீறிக் கிளர்ந்த நிலையில் இருப்பவர், போதை இறங்காமல் வருபவர், இவர்களுக்கும் பேச்சுக் குழு உதவாது. நிலைமை தணிந்த பிறகு தங்களுக்கென்று வடிவமைத்த குழுவில் சேரலாம். அப்புறம், பெரும் அதிர்ச்சியைச் சமீபத்தில் கடந்தவர் பாடத்திட்டம் இல்லாத குழுவுக்குள் நேராக இறங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

ரகசியம் காக்கப்படுமா என்ற கவலைக்கு நேர்மையான பதில் இது. சிகிச்சையாளரைத் தொழில் நெறி கட்டுப்படுத்துகிறது. மற்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கொடுக்கும் வாக்கு மட்டும்தான். பெரும்பாலும் அது போதுமானதாகவே இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொருவரின் ரகசியமும் மற்றவர் கையில் இருக்கிறது. ஆனாலும் வெளியே போனால் வேலைக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் என்ற விஷயம் இருந்தால் அதைத் தனிச் சந்திப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் யாராவது அதே குழுவில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் நடக்கும் குழுவாக இருந்தால், வீட்டில் யாரும் கேட்காத அறை உங்களுக்கு உண்டா என்று யோசியுங்கள். பதிவு செய்யக் கூடாது, ஹெட்போன் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற விதிகளும் அங்கே இருக்க வேண்டும்.

சேரும் முன் சிகிச்சையாளர் உங்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பே இல்லாமல் “வியாழக்கிழமை வந்துவிடுங்கள்” என்று சொல்லும் பாடத்திட்டமற்ற குழுவை நான் நம்ப மாட்டேன். அப்போது கேளுங்கள்: குழுக்கள் நடத்த உங்களுக்குத் தனிப் பயிற்சி உண்டா? எத்தனை பேர்? நடுவில் புதியவர்கள் சேருவார்களா, தொடங்கியவர்களே கடைசிவரையா? ஒருவர் இன்னொருவரைத் தாக்கிப் பேசினால் என்ன செய்வீர்கள்? உறுப்பினர்கள் வெளியே சந்தித்துக்கொள்ளலாமா? ஐந்து பேருக்குக் குறைந்தால் ஒருவர் வராத நாளில் குழு காற்றிழந்துவிடும். பத்தைத் தாண்டினால் பேசாதவர்கள் ஒளிந்துகொள்ள வசதியாகிவிடும். வகுப்பு மாதிரி நடக்கும் குழுவில் கூடுதல் பேர் இருந்தாலும் பரவாயில்லை. பாடத்திட்டமற்ற குழுக்களில் உறுப்பினர்கள் வெளியே தனியாக நெருங்குவதை ஊக்குவிக்காததற்குக் காரணம் உண்டு: இரண்டு பேருக்குள் ரகசியம் உருவானால், அறைக்குள் அவர்களால் சுதந்திரமாகப் பேச முடியாது.

தனிக் கவுன்சிலிங்கை விட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டாம். முதல் சில மாதங்களுக்காவது இரண்டையும் சேர்த்தே தொடருங்கள், இரண்டு சிகிச்சையாளர்களும் உங்கள் அனுமதியோடு பேசிக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: குழுவில் வந்த வருத்தத்தையெல்லாம் தனி அறையில் கொட்டித் தீர்த்துவிட்டால், குழுவுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது. “இதை அங்கேயே சொல்லிப் பாருங்களேன்” என்று உங்கள் உளவியலாளர் திருப்பி அனுப்பினால் அவர் சரியாகத்தான் செய்கிறார்.

முதல் சில வாரம் சலிப்பாக, ஒட்டாமல், ‘இவர்களுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்’ என்று இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பேச வாய் வராவிட்டால், வராததையே பேச்சாக்குங்கள்: “பேச நினைக்கிறேன், தொண்டை அடைக்கிறது” என்பது அந்த அறையில் முழுமையான பங்கேற்பு. யாராவது ஓயாமல் பேசி நேரத்தை விழுங்கினால், “எனக்கும் பேச வேண்டும்” என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். உங்கள் சிக்கலுக்கு அதுவே பயிற்சி. விலக வேண்டும் என்று தோன்றினாலும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பல குழுக்களில், விலகும் முடிவைச் சொன்ன பிறகு இன்னும் சில அமர்வுகளாவது வரவேண்டும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். ஏன் போகிறேன் என்று சொல்லவும், மற்றவர்கள் அதற்கு என்ன உணர்கிறார்கள் என்று கேட்கவும், முறையாக விடைபெறவும் அந்த நேரம். உங்கள் குழுவில் அந்த விதி இருக்கிறதா, எத்தனை அமர்வு என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.